அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு வேறொரு கணக்கு: ஒரே அடுப்பில் காய்கறி சமைப்பவர்கள் வாருங்கள்

நிழற்குடை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் இரண்டு பெரியவர்கள். அப்பாவுக்கு 76 வயது. பல வருட இரத்த அழுத்தம், இப்போது சிறுநீரகமும் சேர்ந்துகொண்டது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர், கடைசி அறிக்கையில் 33. அம்மாவுக்கு 72. இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன். கீரை இதயத்துக்கு நல்லது, இரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று படித்துவிட்டு, இரண்டு பேருக்கும் தினமும் பாலக்கீரை கொடுத்தேன். மூன்றாவது வாரம் அம்மாவின் ஐஎன்ஆர் 1.6. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். நான் பயந்துபோய் அவரிடம் சொல்லாமலே பச்சையாக இருந்த எல்லாக் காயையும் நிறுத்திவிட்டேன். அடுத்த சோதனையில் 4.8. அன்று காலை அம்மா பல் துலக்கித் துப்பியபோது வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதே வாரம் அப்பாவின் இரத்தத்தில் பொட்டாசியம் 5.8, அளவுக்கு மேல். உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை எல்லாம் வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எதைத்தான் சாப்பிடறது?" என்றார்.

இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி காய்கறி எப்படித் தேர்ந்தெடுப்பது? இப்படி வீட்டில் சமைப்பவர்கள் சொல்லுங்கள்.

ஈரக்காற்று

என் மாமியாருக்கும் சிறுநீரகப் பிரச்சினைதான். நான் எல்லாக் காயையும் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பிரச்சினை தீர்ந்தது. கீரையையும் அப்படியே செய்து உங்கள் அம்மாவுக்கும் கொடுக்கலாமே?

அடுப்படி

ஈரக்காற்று, உங்கள் மாமியாருக்குச் செய்வது சரி. நிழற்குடையின் அம்மாவுக்கு அது உதவாது. பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். மருத்துவமனை உணவுப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான்.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். வார்ஃபரினோடு மோதுகிற வைட்டமின் கே தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கீரையை எவ்வளவு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் வைட்டமின் கே இலையிலேயே இருக்கும். ஒரே பாத்திரம், ஒரே கீரை. அப்பாவுக்குக் கொஞ்சம் பாதுகாப்பாகிறது, அம்மாவுக்கு எதுவும் மாறுவதில்லை.

முதலில் அம்மா. சமைத்த பாலக்கீரை 100 கிராமில் ஏறக்குறைய 490 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. முட்டைக்கோஸில் சுமார் 110. கேரட்டில் 14-க்குப் பக்கம். உருளைக்கிழங்கில் 2. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 90 என்பார்கள். அப்படியென்றால் கீரையே கூடாதா? கூடும். வார்ஃபரின் அளவை மருத்துவர் நிர்ணயிப்பதே அம்மா வழக்கமாக என்ன சாப்பிடுகிறாரோ அதை வைத்துத்தான். திடீரென்று கூட்டுவதும் திடீரென்று நிறுத்துவதும்தான் ஆபத்து. உங்கள் வீட்டில் நடந்தது அதேதான். கீரை கூடியது, ஐஎன்ஆர் இறங்கியது. மாத்திரை கூடிய நேரத்தில் கீரை நின்றது, ஐஎன்ஆர் எகிறியது. உங்களைக் குறை சொல்லவில்லை. "கீரை சாப்பிடாதீர்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புகிற எல்லா இடத்திலும் இது நடக்கிறது.

அம்மாவுக்குப் பிடித்த கீரையின் அளவை ஒரு கிண்ணத்தால் முடிவு செய்யுங்கள். அரைக் கிண்ணம் என்றால் எப்போதும் அரைக் கிண்ணம். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதும் வாரத்துக்கு வாரம் மாறக்கூடாது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்ற நினைத்தால் மாற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள், அவர் சோதனையை முன்கூட்டி வைப்பார். இது வார்ஃபரின் மாதிரியான பழைய மருந்துகளுக்கு மட்டும். அபிக்சாபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் கே கணக்கே தேவையில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இருப்பது உலோக வால்வு என்றால் அந்தப் புது மருந்துகள் பொருந்தாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பா. அவரிடமிருந்து உருளைக்கிழங்கை முழுக்கப் பிடுங்க வேண்டியதில்லை. சின்னச் சதுரங்களாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியம் கிட்டத்தட்ட பாதி குறைகிறது. துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை. நறுக்கி இரவெல்லாம் வெறுமனே ஊறப்போடுவது போதாது, கொதிக்க வேண்டும். ஆவியில் வேகவைத்தாலோ, குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரோடு பரிமாறினாலோ, மைக்ரோவேவில் வைத்தாலோ பொட்டாசியம் அப்படியே தட்டுக்கு வந்துவிடும். காய் வெந்த தண்ணீரை "சத்து வீணாகுதே" என்று சூப்பில் ஊற்றாதீர்கள். மற்றவர்களுக்கு நல்ல பழக்கம், இவருக்கு இல்லை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெள்ளரி, சுரைக்காய், குடைமிளகாய், வெங்காயம், பீன்ஸ், முள்ளங்கி எல்லாம் அளவாகச் சாப்பிட்டால் அவருக்குச் சிக்கல் தராது. ஆனால் இவையே மூன்று கிண்ணம் போனால் கூட்டுத்தொகை ஏறிவிடும், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு கேள்வி. வீட்டில் என்ன உப்பு பயன்படுத்துகிறீர்கள்?

நிழற்குடை

அக்கா, கேள்வியைப் படித்ததும் எழுந்து போய் டப்பாவைப் பார்த்தேன். இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு என்று போட்டிருந்ததால் ஒரு உறவினர் வாங்கிக் கொடுத்த உப்பு. பின்பக்கம் பொடி எழுத்தில் "பொட்டாசியம் குளோரைடு" என்று இருக்கிறது. ஐந்து மாதமாக அதைத்தான் போடுகிறேன்.

கையெல்லாம் நடுங்குகிறது.

அடுப்படி

நடுங்க வேண்டாம். எடுத்து ஓரமாக வையுங்கள், போதும். சோடியத்தைக் குறைக்கிற அந்த உப்பு பெரும்பாலானவர்களுக்கு நல்லதுதான். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கும், டெல்மிசார்டான், லோசார்டான், எனாலபிரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும்தான் ஆகாது. உங்கள் அப்பாவின் மாத்திரைப் பட்டியலில் இவற்றில் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றவும்தான் கொடுக்கப்படுகிறது. உப்பு விஷயத்தை நாளைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், சோதனையை மறுபடி எடுக்கச் சொல்வார். 5.8 என்பது தள்ளிப்போடுகிற எண் இல்லை. மூச்சுத் திணறலோ, நெஞ்சு படபடப்போ, கை கால் தளர்ச்சியோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சாதாரண உப்புக்கு மாறிவிட்டு அள்ளிப் போடவும் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

இன்னொன்று. அப்பாவுக்கு மலச்சிக்கல் உண்டா? சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது பொட்டாசியத்தின் ஒரு பங்கைக் குடல்தான் வெளியேற்றுகிறது. பொட்டாசியத்துக்குப் பயந்து காய்கறியை அடியோடு நிறுத்தினால் மலம் இறுகும், அந்த வழியும் அடைபடும். காயை நிறுத்தாதீர்கள், காயை மாற்றுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பச்சைத்துளி

இவ்வளவு கணக்கு எதற்கு? காலையில் வெறும் வயிற்றில் கீரை, சுரைக்காய், பாகற்காய் சேர்த்துப் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடித்தால் சர்க்கரை, அழுத்தம், சிறுநீரகம் எல்லாமே சரியாகும். என் சித்தப்பா குடிக்கிறார்.

அடுப்படி

நீங்கள் அக்கறையோடு சொல்வது புரிகிறது. ஆனால் இந்த இழையைப் படிக்கிற யாரும் தங்கள் பெரியவர்களுக்கு இதைக் கொடுத்துவிடக்கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன்.

தட்டில் வைத்தால் ஒருவர் ஒரு கைப்பிடி கீரைதான் சாப்பிடுவார். சாறாக்கினால் ஒரு கட்டு முழுக்க ஒரே டம்ளரில் போய்விடும். பச்சையாக இருப்பதால் பொட்டாசியமும், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் என்கிற பொருளும் கொஞ்சம்கூடக் குறையாது. நாள்பட்டுக் கீரைச் சாறு குடித்து ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து, சிறுநீரகமே செயலிழந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

சுரைக்காய் நல்ல காய், நானே மேலே பரிந்துரைத்தேன். ஆனால் சில காய்கள் கசக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்கிற நச்சு. வெள்ளரி, பூசணி வகைகளிலும் எப்போதாவது வரும். வேகவைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்கள். பாகற்காயைச் சேர்த்து அரைத்தால் இந்த எச்சரிக்கைக் கசப்பு தெரியாமலே போய்விடும். அந்தக் கலவையில் எனக்குப் பெரிய பயமே இதுதான்.

முதல்மழை

பாகற்காய் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை, கிளிமிபிரைடு மாத்திரை. சர்க்கரை குறையட்டும் என்று இரவில் வெறும் காய்கறி மட்டும் கொடுத்தோம், கூடவே பாகற்காய்ச் சாறு. மாத்திரை வழக்கம்போல. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குச் சட்டை நனைந்து, வாய் குழறி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் என்றே நினைத்தோம். குத்திப் பார்த்தால் சர்க்கரை 48.

70-க்குக் கீழே போனாலே குறைவு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வமாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது தட்டில் பாதி மாவுச்சத்து இல்லாத காய், கால்வாசி தானியமோ கிழங்கோ, கால்வாசி புரதம். அந்தப் பாதித் தட்டுக் காயை முதலில் சாப்பிடுகிறார், அப்புறம்தான் மற்றது. இந்த வரிசை மாற்றத்திலேயே சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரை குறைந்தது. கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரவுப்பணி

நான் செவிலியர். யாரும் இன்னும் தொடாத ஒன்று: விழுங்குவது.

எந்தக் காய் என்று இவ்வளவு பேசுகிறோம், அது தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதில்லை. பக்கவாதம் வந்தவர்கள், பார்கின்சன், மறதி நோய் உள்ளவர்கள், பல்செட் சரியாகப் பொருந்தாதவர்கள் இவர்களுக்கெல்லாம் பச்சைக் கேரட், நாரோடு இருக்கும் பீன்ஸ், நீளமாகத் தொங்கும் கீரைத் தண்டு ஆபத்து. தக்காளித் தோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணியான சூப்பில் காய்த் துண்டுகள் மிதக்கிற மாதிரி கொடுப்பது "மென்மையானது" என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் கடினம், நீர் முந்திக்கொண்டு ஓடும், துண்டு வாயிலேயே நிற்கும். சூப்பை மொத்தமாக அரைத்துக் கெட்டியாகக் கொடுங்கள்.

சாப்பிட்ட பிறகு பேச்சுக் குரல் ஈரமாக, களகளவென்று கேட்கிறதா? சாப்பிடும்போது இருமுகிறாரா? ஒரு கிண்ணம் முடிக்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறதா? அப்படியென்றால் காய்கறிப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்த பெரியவர்களை என் கையால் பார்த்திருக்கிறேன்.

ஈரக்காற்று

அடுப்படி அக்கா, தண்ணீர் விளக்கத்துக்கு நன்றி, எனக்கு உண்மையிலேயே தெரியாது. இன்னொரு சந்தேகம். மாமனாருக்கு யூரிக் அமிலம், கட்டைவிரல் வீங்கும். காளான், கீரை, காலிஃபிளவர் எல்லாம் தொடவே கூடாது என்கிறார்கள். அவருக்கு முன்பு ஒரு முறை சிறுநீரகக் கல்லும் வந்திருக்கிறது.

அடுப்படி

யூரிக் அமிலத்துக்கு அந்தக் காய்களை விலக்கச் சொல்வது பழைய பாடம். 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் கவனித்தார்கள். இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் கூடுதலாக வந்தது. உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. மாமனாருக்குக் காலிஃபிளவரைத் தாராளமாகக் கொடுங்கள். மதுவும் சர்க்கரை போட்ட குளிர்பானமும் இருந்தால் அவற்றைப் பாருங்கள்.

கல் வேறு கதை. என்ன கல் என்று அறிக்கையில் இருக்கும். கால்சியம் ஆக்சலேட் என்றால் பாலக்கீரையும் பீட்ரூட்டும்தான் முதலில் குறைக்க வேண்டியவை. எப்போதாவது சாப்பிட்டால் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தயிரோடு சேர்த்துச் சாப்பிடட்டும். தயிரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று பாலையும் தயிரையும் நிறுத்துகிறார்கள், அது கல்லை இன்னும் வரவழைக்கும்.

பீட்ரூட் என்றதும் ஞாபகம் வருகிறது. அதைச் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது காயின் நிறம்தான். ஆனால் நிழற்குடை, உங்கள் அம்மா வார்ஃபரினில் இருப்பதால் அவருக்கு மட்டும் "பீட்ரூட்டாக இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவந்தால் உடனே காட்டுங்கள்.

எழுபத்தொன்று

எல்லோரும் பெரியவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் அந்தப் பெரியவர்களில் ஒருவன். இதயம் பலவீனம், சர்க்கரை. படித்தபோது நிறைவாக இருந்தது, பிள்ளைகள் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் உப்பு, பிறகு கிழங்கு, பிறகு தக்காளி, பிறகு எண்ணெய். கடைசியில் வெந்த சுரைக்காய் மிஞ்சியது. யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாதே என்று இரண்டு வாய் சாப்பிட்டுப் போதும் என்பேன். எட்டு மாதத்தில் 68 கிலோ 61 ஆனது. சர்க்கரை அளவு மட்டும் அழகாக இருந்தது. ஒரு நாள் குளியலறையில் கால் மடங்கி விழுந்தேன். தசையே கரைந்துவிட்டது என்றார் மருத்துவர்.

வயதானால் நாக்கு மந்தமாகிவிடும், முன்பு பிடித்தது இப்போது மண்ணாகத் தெரியும். உப்பைக் குறையுங்கள், ஆனால் வெறுமனே கொடுக்காதீர்கள். என் மருமகள் இப்போது எலுமிச்சை பிழிகிறாள், மிளகு தூவுகிறாள், வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி மேலே போடுகிறாள். ஒரு கரண்டி எண்ணெயும் விடுகிறாள். கேரட், பூசணி மாதிரி மஞ்சள் காய்களின் சத்து உடம்பில் சேர எண்ணெய் வேண்டும் என்று மருத்துவரே சொன்னார். காயோடு முட்டையோ பருப்போ கட்டாயம் உண்டு. 64 கிலோவுக்கு வந்துவிட்டேன்.

எதை எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லும்போது அதற்குப் பதில் எதை வைப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். முடிந்தால் எங்களையே கேளுங்கள்.

இரவுப்பணி

ஐயா சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தால் அதுவே ஒரு நோய் அறிகுறி. மாதம் ஒரு முறை, ஒரே எடைக்கருவியில் பாருங்கள்.

நிழற்குடை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

உப்பை அன்றே மாற்றினேன். மறுநாள் மருத்துவரைப் பார்த்தோம். இசிஜி எடுத்தார்கள், நல்லவேளை மாற்றம் எதுவும் இல்லை. மூன்று வாரத்தில் பொட்டாசியம் 5.0, போன வாரம் 4.7. மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. அப்பாவுக்கு மலச்சிக்கல் இருந்தது உண்மை, கேட்டால்தான் சொல்கிறார். அதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கீரை திங்கள், புதன், வெள்ளி, எவர்சில்வர் கிண்ணத்தில் அரைக் கிண்ணம். கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் அதைக் காட்டியே சொன்னேன், அதற்கேற்ப மாத்திரையை வைத்தார். ஐஎன்ஆர் 2.7, அடுத்தது 2.9.

சமையல் நான் நினைத்த அளவுக்கு இரண்டாகப் பிரியவில்லை. முட்டைக்கோஸ் தவிர பீன்ஸ், சுரைக்காய், முள்ளங்கி, குடைமிளகாய் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரம்தான். முட்டைக்கோஸை மட்டும் அம்மாவுக்குக் கீரை இல்லாத நாளில், அதே கோடு வரைக்கும்.

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உருளைக்கிழங்கு" என்றார். துருவி, பெரிய பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டி, பிழிந்து, வெங்காயத்தோடு நன்றாக வதக்கி மிளகு தூவிக் கொடுத்தேன். ஒரு சின்னக் கிண்ணம்தான். வழித்துச் சாப்பிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்டு, மருத்துவருக்கும் தெரியும்.

அடுப்படி அக்கா, ஒரு சந்தேகம் பாக்கி. உறைய வைத்து பாக்கெட்டில் வரும் பீன்ஸ் அப்பாவுக்குக் கொடுக்கலாமா? நறுக்கும் வேலை மிச்சமாகும்.

அடுப்படி

தாராளமாக. பாக்கெட்டின் பின்பக்கம் உப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். டின்னில் வருவது என்றால் தண்ணீரை வடித்துவிட்டு, குழாயடியில் ஒரு முறை நன்றாக அலசிவிட்டுச் சமையுங்கள்.